சிங்கமுகக் குக்ரியை ஓங்காதே

தரான் பஜார்,
தசைன் பண்டிகை மூன்றாம் நாள்.

அன்பு மகன் கான்ச்சாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், கையும் காலும் முழுசாக இருக்கின்றன. மற்ற வருடமாக இருந்தால் சுகம் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். நீயும் கைகால் முழுசாக இருக்கிறாய் என்று உன் கைப்பட எழுதி வருகிறவரை எனக்குச் சோறு இறங்காது. சரக்கை முன்னால் வைத்துவிட்டுப் பேச்சைப் பின்னால் வைப்பது என் வழக்கம், அதனால் முதலில் இதைப் படித்துக்கொள்: மழைக்கு முன்னால் உனக்குக் கொடுத்தனுப்பிய, பிடியில் சிங்கமுகம் செதுக்கின குக்ரிக் கத்தியை ஓங்காதே. ஆட்டின் மேல் வேண்டாம், பூசணியின் மேல் வேண்டாம், சும்மா காற்றில் வீசிப் பார்ப்பதும் வேண்டாம். கூட இருப்பவன் ஆசையாகக் கேட்டாலும் கையில் கொடுக்காதே. இனி மிச்சத்தை உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை நடந்தது இது. நவமிக்கு ஆடு வெட்டக் கை பழக வேண்டும் என்று உன் அண்ணன் முற்றத்தில் ஒரு நீற்றுப்பூசணியை நிறுத்திவைத்தான். உனக்குச் செய்தபோது அவனுக்கும் சோடியாக ஒரு சிங்கமுகம் செய்து வாங்கினோம் அல்லவா, அதையே எடுத்தான். நான் கடைக்குக் கிளம்பிக் கொண்டிருந்தேன், அப்பா வெயிலில் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தார். அண்ணி புஷ்பகலா குழந்தையைத் தாழ்வாரத்தில் மூங்கில் தொட்டிலில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் பட்ட குக்ரி, அவன் கையும் சூடு, ஓங்கிப் போட்டான். பூசணி அப்படியே நின்றது. அவன் கையில் சிங்கம் மட்டும் இருந்தது. கத்தியைக் காணோம். எங்கே போயிற்று என்று நாங்கள் தரையைப் பார்க்கிறோம், தேடுகிறோம், அப்போது புஷ்பகலா எழுந்து நின்றாள். அவள் பார்த்த பக்கம் நாங்களும் பார்த்தோம். தொட்டில் தொங்குகிற குறுக்கு மூங்கிலில் கத்தி வயிறு வரைக்கும் இறங்கி நின்றுகொண்டிருக்கிறது, அதற்கு நேர் கீழே குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு தூங்குகிறது. ஒரு சாண் தாழ்ந்திருந்தால் என்று நான் எழுத மாட்டேன், எழுதினால் கண்ணில் நிற்கிறது. உன் அண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். “கை லேசாப் போச்சும்மா, ஓங்கறப்பவே கை லேசாப் போச்சு” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். புஷ்பகலா குழந்தையைத் தூக்கி முதுகில் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று என்னைப் பார்த்து, “ஊருக்கெல்லாம் கத்தி விக்கிறீங்க, சொந்த வீட்டுக்கு ஒரு நல்ல கத்தி இல்லையா அத்தை?” என்று கேட்டாள்.

பிறகு அந்தப் பிடியைக் கடைக்கு எடுத்துப்போய் நானே ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். போஜ்பூரிலிருந்து முதுகுக்கூடையில் குக்ரி சுமந்து வந்து தெருத்தெருவாக விற்ற நாளிலிருந்து இந்தக் கத்தியோடு பேசிப் பேசியே பிழைத்தவள் நான். கௌடி என்று பிடிக்குப் பக்கத்தில் ஒரு வெட்டுக் குழி இருக்கிறதே, அது என்ன என்று வெள்ளைக்காரன் கேட்டால் இரத்தம் வழிந்து கைக்கு வராமல் சொட்டத்தான் என்பேன், காசிக்குப் போய் வந்தவர் கேட்டால் மகாதேவனின் சூலம் என்பேன், சாமியார் கேட்டால் பசுவின் குளம்பு என்பேன். மூன்று பேரும் வாங்கிப் போவார்கள். உறையில் செருகிய சின்னக் கத்தி கர்தா, தீட்டுகிற கத்தி சக்மக், பிடியின் கழுத்தில் இருக்கிற பித்தளைப் பட்டை கஞ்சோ, பிடியின் அடியில் இருக்கிற மூடி சாப்ரி, உறைக்கு வெள்ளியில் கொடியும் மயிலும் போட்டால் கோதிமோரா என்று வெளியே தெரிகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரும் ஒரு கதையும் என்னிடம் உண்டு. வாலைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. கத்தியின் வால் பிடிக்குள் நுழைந்து, கொம்பு முழுக்க ஓடி, அடியில் சாப்ரியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கே ஒரு சின்னப் பித்தளைத் தகட்டின் மேல் அடித்து மடக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் கத்தி பிடியை விட்டுப் போகாது. நடுவில் ஊற்றுகிற அரக்கு ஆட்டத்தை நிறுத்தத்தான், பிடித்து நிறுத்த அல்ல. அறுத்துப் பார்த்தால் உள்ளே வால் இரண்டு விரல் நீளம்தான் இருந்தது கான்ச்சா. மிச்சத்தைப் பிடி செதுக்கினவன் ரம்பத்தால் அறுத்து எறிந்திருக்கிறான். கொம்புக்குள் முழுக்க அரக்கு, வெறும் அரக்கு. வெயிலில் அது வெல்லப்பாகு மாதிரி இளகியிருந்தது.

உடனே சிங்கம் செதுக்கிய ரத்னகாஜியின் பட்டறைக்குப் போனேன். அவன் பாட்டன் நகரத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவன், சாமி சிலைக்குக் கண் திறக்கிற கை, அதில் குற்றம் சொல்ல முடியாது. பிடியின் இரண்டு பாதியையும் அவன் முன்னால் வைத்தேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “முதலாளியம்மா, சிங்கம் கேட்டீங்க, சிங்கம் குடுத்தேன். வாயைக் குடைஞ்சு நாக்கு வைக்கச் சொன்னீங்க. வால் வந்தா நாக்கு எங்க வைக்கிறது? நெத்தியில வாலை மடக்கி அடிச்சா சிங்கத்துக்கு ஆணி அடிச்ச மாதிரி இருக்காதா?” என்றான். அப்படியானால் நெற்றியில் அந்தப் பித்தளைத் தகடு எதற்கு என்று கேட்டேன். “அது பொட்டு மாதிரி. அழகுக்கு ஒட்டினது” என்றான். அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் கான்ச்சா, நான், இத்தனை வருடம் கத்தி விற்றவள், வால் வெளியே வந்திருக்கிறது என்று நம்பி வாங்கி உனக்கு அனுப்பினேன். உனக்கு அனுப்பியதும் இப்படித்தானா என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தான். “ரெண்டும் ஒரே கொம்புல செஞ்சதும்மா” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து, “சுவத்துல மாட்டத்தானே கேட்டீங்க? கோதிமோரா உறை போட்டு யாராவது ஆடு வெட்டுவாங்களா?” என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். வெள்ளி உறை போட்டது கல்யாணத்துக்கு இடுப்பில் செருக, பென்ஷன் வாங்கிப் போகிறவருக்குப் பரிசாகக் கொடுக்க. ஆனால் செதுக்காத வெறும் கொம்புப் பிடி போட்டால் விறகு வெட்டுகிறவன் மாதிரி இருக்கிறது என்று நீ எழுதினாய், பையன் ஆசைப்படுகிறான் என்று அப்பா சொன்னார், சரி, பேச்சை வளர்க்க நேரமில்லை.

உன் போன கடிதத்தை எடுத்து மறுபடி மறுபடி படித்தேன். உங்கள் பட்டாளக் கம்பெனியின் பலிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், தசைனுக்கு வாற்கோதுமை விதைக்கிற முதல் நாளே உன் குக்ரியைப் பூஜையில் வைக்கப் போகிறார்கள், சிங்கமுகத்தைப் பார்த்து சுபேதார் ஐயா தட்டிக்கொடுத்தார், நீ ஓங்கும்போது நம்மூர் துர்க்கசிங்கின் தம்பி பஹல்மான் எதிரே நின்று ஆட்டின் கயிற்றைப் பிடிப்பான் என்றெல்லாம் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அன்றைக்குப் படித்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அதே வரிகளில் வேறொன்று தெரிகிறது. கத்தி கழன்றால் பின்னால் போகாது, முன்னால்தான் போகும். முன்னால் பஹல்மான் நிற்கிறான். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை. அவனுக்கு ஒன்று ஆனால் நீ உயிரோடு இருந்தும் எனக்குப் பிள்ளையாக மிஞ்ச மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். நீ இருக்கிற ஹாங்காங்கில் இப்போதும் வெயில் உருக்கும் என்று நீதான் எழுதினாய்.

ஒரு வரி எழுதி வேறு குக்ரியை எடுத்துக்கொள்ளச் சொல்லலாமே என்று முதலில் நினைத்தேன். கடையில் இல்லாத குக்ரியா? விடுமுறைக்கு வந்திருக்கிற துர்க்கசிங்கிடம் நல்லதாக ஒன்று கொடுத்தனுப்பலாம் என்று வால் தெரிகிற ஒன்றைத் துணியில் சுற்றியும் வைத்துவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “எடுத்து உள்ள வை. உனக்குப் பட்டாள வழக்கம் தெரியாது” என்றார். பூஜையில் வைத்த ஆயுதத்தை நவமிக்கு முன்னால் எடுக்கக் கூடாதாம், மாற்றவும் கூடாதாம். எடுத்தால் அந்த வருடம் கம்பெனிக்கே கேடு என்பார்களாம். எவனாவது கால் தடுக்கி விழுந்தாலும் உன் தலையில்தான் வைப்பார்களாம். சுபேதாரிடம் உண்மையைச் சொல்லட்டுமே என்றேன். “என்னன்னு சொல்லுவான்? எங்க அம்மா பயப்படுறான்னா? அவர் பிடியைப் பிடிச்சு ஆட்டிப் பார்ப்பார். நிழல்ல இருக்கிற அரக்கு கல்லு மாதிரி இருக்கும். சிரிச்சுக்கிட்டே போய் வெட்டுடா கோழைன்னு சொல்லுவார்” என்றார். நீயும் போய் வெட்டுவாய். அதுதான் என் பயம். பயந்தவன் என்று ஒரு சொல் காதில் விழக் கூடாது என்பதற்காக எதையும் செய்கிற வம்சத்தில் பெண் கொடுத்திருக்கிறோமே என்று என் அம்மா அன்றைக்கே சொன்னாள். தந்தி கொடுக்கலாம் என்றால் மண் சரிந்து கம்பி அறுந்து கிடக்கிறது, தசைன் முடிந்துதான் சரியாகும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

துர்க்கசிங்கின் விடுமுறை முடிந்து நாளைக் காலை கிளம்புகிறான், அவனை விட்டால் ஆளில்லை. அவன் வீட்டுக்குப் போனேன். பெட்டியில் புளிக்கவைத்துக் காயவைத்த குந்த்ருக் கீரையும் ஊறுகாயும் திணித்துக்கொண்டு தசைன் இல்லாமல் போகிறோமே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும், “வாங்க பெரியம்மா, உங்க பங்குக்கு எத்தனை மூட்டை? என் துணியை வெளிய எடுத்துட்டு உங்க சரக்கை வைக்கட்டுமா?” என்று கிண்டல் செய்தான். அறுத்த பிடியை அவன் கையில் கொடுத்தேன். எல்லாம் சொன்னேன். கயிறு பிடிக்கிறது யார் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன், விலையைக் கடைசியில் சொல்கிற மாதிரி. அவன் சிரிப்பு போய்விட்டது. ஊறுகாய் ஜாடியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, “கடுதாசியைக் குடுங்க பெரியம்மா, சட்டைக்குள்ள வச்சுக்கிறேன். ஆனா அவன் நான் சொன்னா கேக்க மாட்டான். வெட்டாம இருக்க எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி ஒரு காரணம் குடுங்க. வாயே திறக்க முடியாத காரணம்” என்றான். அந்தக் காரணம் எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். சாவுத் தீட்டு. வம்சத்தில் ஒருத்தர் செத்தால் நீ பலி கொடுக்க முடியாது, நெற்றியில் சிவப்பு டீக்கா வைத்துக்கொள்ள முடியாது, உன் ஆயுதமும் பூஜையை விட்டு விலகித்தான் ஆக வேண்டும். சுபேதார் என்ன, ஜெனரலே ஆனாலும் மறுபேச்சு கிடையாது. ஆறுதல் சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுவார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தசைன் நேரத்தில் பொய்ச் சாவு சொல்வதா என்று குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதித்தார். “யாரைச் சாகடிக்கப் போற? ஊருக்குள்ள எல்லாரையும் எல்லாருக்கும் தெரியுமே, நாளைக்கு எதிர்ல வந்து நிப்பானே!” என்றார். தூரத்துச் சொந்தம் யாரையாவது சொல்லலாம் என்றேன். தூரத்துச் சொந்தத்துக்கு அவ்வளவு தீட்டு இல்லை, ஒரு குளியலில் போய்விடும், நெருங்கின இரத்தமாக இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். கால் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அடுப்புக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, “எங்க அண்ணன் செத்துட்டார்னு எழுது” என்றார்.

உனக்கு உன் பெரியப்பாவைத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்னாலேயே அஸ்ஸாம் பக்கம் மரம் அறுக்கப் போனவர். முதலில் ஒரு கடிதம் வந்தது, பிறகு எதுவும் இல்லை. காரியம் செய்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம் அப்பா சண்டைக்குப் போனார், ஒரு மாமாவை அடிக்கவே கையை ஓங்கினார். ஒவ்வொரு தசைனுக்கும் எல்லோருக்கும் டீக்கா வைத்த பிறகு தட்டில் கொஞ்சம் அரிசியும் தயிரும் மிச்சம் வைப்பாரே, கோழிக்கு என்று நீ நினைத்திருப்பாய், அது அண்ணன் வந்தால் நெற்றியில் வைக்க. வேண்டாம், அவர் பெயர் வேண்டாம், வேறு யாரையாவது யோசிப்போம் என்று நான்தான் சொன்னேன். “அவர்தான் சரி. அவர் எதிர்ல வந்து நிக்க மாட்டார்” என்றார். வந்து நின்றால்? என்று கேட்டேன். “வந்தா கால்ல விழுந்துக்கிறேன்” என்றார். பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று அவரே நாவிதனைக் கூப்பிட்டுத் தலையை மழித்துக்கொண்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்தவர் வந்து விசாரிக்கிறார்கள், அஸ்ஸாமிலிருந்து ஆள் வந்து சொன்னான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார். தலையை மழித்தது பொய்க்குத்தான் கான்ச்சா. அந்த அழுகை பொய்க்கு இல்லை. இத்தனை வருடம் அழாமல் வைத்திருந்ததை இப்போது அழுகிறார், நான் தடுக்கவில்லை.

ஆகவே இந்த வருடம் நம் வீட்டில் தசைன் இல்லை. விதைத்த வாற்கோதுமைச் சட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஆட்டை அவிழ்த்துவிட்டோம், அது என் கீரைப் பாத்தியை மேய்ந்துகொண்டிருக்கிறது, அதற்காவது நல்ல காலம். உன் அண்ணன் மாமனார் வீட்டுக்குப் போய்ப் புஷ்பகலாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறானாம். குழந்தை நன்றாக இருக்கிறது, பால் குடிக்கிறது. உன் அக்கா மட்டும், பெரியப்பா செத்ததை என்னிடம் ஏன் முதலில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டிருக்கிறாள், அவளிடம் உண்மையைப் பிறகு சொல்லிக்கொள்கிறேன், அவள் வாயில் எதுவும் நிற்காது.

நீ செய்ய வேண்டியது இதுதான், கவனமாகச் செய். துர்க்கசிங் வந்ததும் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே சுபேதார் ஐயாவிடம் போ. பெரியப்பா இறந்துவிட்டார், தீட்டு என்று மட்டும் சொல். குக்ரியைப் பற்றி ஒரு சொல் பேசாதே. துர்க்கசிங் உன்னோடு வருவான், அவனுக்கு எல்லாம் தெரியும், அவன் வாய் திறக்க மாட்டான். பூஜையிலிருந்து உன் குக்ரியைக் கையில் கொடுத்தால் உறையோடு வாங்கிப் பெட்டியில் அடியில் வைத்துப் பூட்டு. அழகாக இருக்கிறதே என்று யாருக்கும் காட்டாதே. அடுத்த விடுமுறைக்கு வரும்போது கொண்டுவா, அந்தச் சிங்கத்தையும் நானே அறுக்கிறேன். பஹல்மானிடம் இப்போது எதுவும் சொல்லாதே, பலி முடிந்த பிறகு வேண்டுமானால் சொல், அப்போதும் அவன் அம்மா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள். நீ வெட்டவில்லை என்று பொறாமைக்காரன் எவனாவது வாயை ஆட்டினால் ஆட்டிவிட்டுப் போகட்டும், பதிலுக்குக் கையை ஓங்காதே. காலில் வந்த சொறிக்கு வேப்பெண்ணெய் போட்டாயா? வெறும் வயிற்றில் பீர் குடிக்காதே, இதை எத்தனை தரம் எழுதுவது.

மற்ற வருடங்களில் டீக்காவும் வாற்கோதுமை முளையும் காகிதத்தில் மடித்து அனுப்புவேன். இந்த வருடம் அனுப்பவில்லை. தீட்டு வீட்டிலிருந்து அவை போகக் கூடாது. மனது கேட்காமல் காகிதம் வரைக்கும் எடுத்துவிட்டேன், பிறகு திரும்பி வைத்துவிட்டேன். உன் கம்பெனியில் எல்லோர் நெற்றியும் சிவப்பாக இருக்கும்போது உன் நெற்றி மட்டும் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் நெற்றிதான் இந்த வருடம் நான் உனக்குக் கொடுக்கிற ஆசீர்வாதம். அது பல்லாண்டு உன் தோளுக்கு மேலே இருக்கட்டும், உன் கையால் யாருக்கும் தீங்கு வராமல் இருக்கட்டும், உன் எதிரே நிற்கிறவனும் நீயும் கிழவர்களாகி ஒன்றாக உட்கார்ந்து சண்டை போடுங்கள்.

மறந்துவிடாதே, பலி முடிந்த அன்றைக்கே எழுது, நன்றாக இருக்கிறேன் என்ற இரண்டு சொல் போதும். இன்னொன்று. கடிதம் கிடைத்த நாளிலிருந்து தீட்டு கழிகிறவரை, துக்கம் காக்கிறவர்கள் போல, உப்பு சேர்க்காமல் சாப்பிடு. யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துச் செய்யாதே, யாரும் பார்க்காத இடத்திலும் சேர்க்காதே. அங்கே அதை நடிப்பு என்று நினைக்க வேண்டாம். அப்பா இப்போது உள்ளே உட்கார்ந்து உப்பில்லாத சோறு சாப்பிடுகிறார், தன்னந்தனியாக. அவரோடு நீயும் சாப்பிடு.

உன் அம்மா,
தன்மாயா ராய்